ஏட்டில் எழுதிய நீல வானம்



“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் முன்னோர் வாக்கு. ஏட்டிலே எவ்வளவு பெரிய சுரைக்காயை எழுதி வைத்தாலும் அதை அரிந்து சட்டியில் இட முடியாது. பசித்தவன் வயிறும் நிறையாது. இப்பழமொழியைப் படிப்பாளிகளைக் கேலி செய்யவே நாம் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஆட்சியாளருக்கும் இது நன்றாகப் பொருந்தும். ஊரின் காற்று தூய்மையாக இருக்கிறது என்று அரசாங்க ஏட்டிலே எழுதிவிடுவதனால், அந்தக் காற்றை உட்கொள்ளும் குழந்தையின் நெஞ்சு தூய்மை அடைந்துவிடாது.

நாம் குடிக்கும் நீர், சுவாசிக்கும் காற்று, மழை தரும் காடு ஆகியவற்றின் நிலைமையைக் கண்ணால் பார்த்து மட்டும் முழுமையாக அறிய இயலாது. அதற்குக் கருவிகள் வேண்டும், கற்றறிந்தவர்கள் வேண்டும், ஆண்டுக்கணக்கில் குறித்து வைக்கும் பொறுமையும் வேண்டும். ஆகவே அளந்து சொல்லும் பொறுப்பை அரசாங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். ஆனால் காற்றும் நீரும் கெட்டுப் போகும்போது, “ஏன் தடுக்கவில்லை?” என்று நாம் கேட்பதும் அதே அரசாங்கத்தைத்தான். தன்மேல் குற்றம் சாட்டும் கணக்கைத் தானே எழுதி, தானே சபையில் வாசிக்க வேண்டிய நிலையில் அது இருக்கிறது. இத்தகைய நிலையில் அகப்பட்டவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? அவர்களை உண்மையின்பால் திருப்புவது எது? இம்மாதம் இவ்விரு கேள்விகளைச் சிந்திப்போம். சீன நாட்டின் தலைநகரமாகிய பெய்ஜிங் இதற்கு நல்லதொரு பாடத்தைத் தருகிறது.

நீல வான நாட்கள்

பெய்ஜிங் மாநகரம் தன் புகைமூட்டத்திற்குப் பெயர்போனது. 1998-ஆம் ஆண்டு தொடங்கி அந்நகர நிர்வாகம் “நீல வான நாட்கள்” என்ற ஒரு கணக்கைப் பேணி வந்தது. காற்றிலுள்ள மாசுகளை அளந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறியீட்டெண் தரப்படும். அந்த எண் 100 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது நீல வான நாள். 100-ஐத் தாண்டினால் அது மாசடைந்த நாள். 1998-இல் இத்தகைய நல்ல நாட்கள் 100 மட்டுமே. 2006-இல் அவை 241 ஆயின. 2007-ஆம் ஆண்டிற்கு 245 நாட்கள் என்று இலக்கு வைத்தார்கள். ஆண்டின் முடிவில் 246 நாட்கள் கிடைத்தன. இலக்கைவிட ஒரே ஒரு நாள் அதிகம்! அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டிகள் அந்நகரில் நடைபெற இருந்தன. உலகமே வரப்போகிற வேளையில் இத்தகைய நற்செய்தி எவருக்குத்தான் இனிக்காது?

ஆனால் 2008-இல் ஸ்டீவன் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், அரசாங்கமே வெளியிட்டிருந்த எண்களை எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்த்தார். அவர் கண்டவை சில. 2000-ஆம் ஆண்டில் நைட்ரஜன் ஆக்சைடுகளின் கூட்டுக் கணக்கு கைவிடப்பட்டு, நைட்ரஜன் டை ஆக்சைடு மட்டும், அதுவும் தளர்த்தப்பட்ட வரம்போடு, கணக்கில் கொள்ளப்பட்டிருந்தது. போக்குவரத்து நெரிசல் மிகுந்த இடங்களில் இருந்த இரண்டு அளவீட்டு நிலையங்கள் 2006-இல் கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. மாசு குறைந்த இடங்களில் இருந்த நிலையங்கள் அவற்றுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டிருந்தன. வெயில் அளக்கும் கருவியை முற்றத்திலிருந்து எடுத்து மரநிழலில் தொங்கவிட்டுவிட்டு, “இவ்வாண்டு வெயில் தணிந்துவிட்டது” என்று சொல்வதற்கு ஒப்பானது இது. கருவி பொய் சொல்லவில்லை. அது நிற்கும் இடம்தான் மாறிவிட்டது.

இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். குறியீட்டெண் 96 முதல் 100 வரை வந்த நாட்கள் ஏராளமாக இருந்தன. 101 முதல் 105 வரை வந்த நாட்களோ மிகச் சிலவே. நம் பள்ளிகளில் தேர்ச்சி மதிப்பெண் 35 என்பதை அறிவோம். ஒரு வகுப்பில் 35, 36 வாங்கியவர்கள் திரளாக இருந்து, 33, 34 வாங்கியவர் ஏறக்குறைய ஒருவரும் இல்லையென்றால், அனுபவமுள்ள தலைமையாசிரியர் என்ன முடிவுக்கு வருவார்? விடைத்தாள் திருத்தியவரைத் தனியே அழைத்துப் பேசுவார் அல்லவா? காற்றுக்கு 100 என்ற எல்லைக்கோடு தெரியாது. அதை எழுதுகிறவருக்குத்தான் தெரியும். பின்னர் 2014-இல் டலியா கானெம், ஜுன்ஜி ஜாங் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2001 முதல் 2010 வரை 113 சீன நகரங்கள் தந்த எண்களை ஆராய்ந்தார்கள். ஏறக்குறையப் பாதி நகரங்களின் எண்களில் இதே எல்லைக்கோட்டு வியாதி தென்பட்டது. ஏமாற்று எளிதில் வெளிப்படாத நாட்களிலேயே அது மிகுதியாக நடந்திருந்தது என்பதும் அவர்களது முடிவு.

அந்த 100 என்ற எல்லைக்கோடும் கடுமையானதன்று. அந்நாளில் 100 என்பதன் பொருள், ஒரு கன மீட்டர் காற்றில் 150 மைக்ரோகிராம் தூசி. உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் பரிந்துரைத்த ஒரு நாள் வரம்போ 50 மைக்ரோகிராம். ஆக, மும்மடங்கு தூசி நிறைந்த நாளையும் நீல வான நாள் என்று எழுத இடம் இருந்தது. அதையும் தாண்டியபோதுதான் எழுதுகோல் சற்றுச் சறுக்க வேண்டியிருந்தது.

இதனால் என்ன கேடு என்று ஒருவர் கேட்கலாம். ஓர் இளந்தாயை எண்ணிப் பாருங்கள். அவளுடைய மகனுக்கு இளைப்பு நோய். காலையில் அறிவிப்பைப் பார்க்கிறாள். ‘இன்று நல்ல நாள்’ என்று இருக்கிறது. மகனை விளையாட அனுப்புகிறாள். இரவில் அவன் மூச்சுக்குத் திணறுகிறான். அந்த அறிவிப்பு அதிகாரிகளின் பெருமைக்காக ஏற்பட்டதன்று. அத்தகைய தாய்மார்களின் எச்சரிக்கைக்காகவே ஏற்பட்டது. 103 என்று எழுத வேண்டிய இடத்தில் 99 என்று எழுதிய கை, ஓர் எண்ணை மட்டும் மாற்றவில்லை. ஒரு குழந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கையைப் பறித்துவிட்டது.

தீயவன் இல்லாமலே பிறக்கும் பொய்

இப்படி எழுதிய அதிகாரிகள் எல்லாரும் கொடியவர்களா? அப்படிக் கருத வேண்டியதில்லை. சீனத்தில் நகரத் தலைவர்கள் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்லர்; மேலிடத்தின் மதிப்பீட்டைக் கொண்டே அவர்களுடைய பதவி உயர்வு அமைகிறது. அந்த மதிப்பீட்டுக்கு எண்கள் வேண்டும். நல்ல நாட்கள் குறிப்பிட்ட விழுக்காட்டை எட்டிய நகரங்களுக்கே ‘முன்மாதிரி நகரம்’ என்ற சிறப்பும் கிடைத்தது. எண்ணைத் தயாரித்தவர்களோ அதே நகரத் தலைவர்களின் கீழ் ஊதியம் பெறும் அலுவலர்கள். ஒரு சாதாரண அலுவலர் அங்கே அமர்ந்திருக்கிறார். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு, கடன் உண்டு. 103 என்று எழுதினால் மேலாளர் முகம் சுளிப்பார். 99 என்று எழுதினால் எவரும் கேட்கப் போவதில்லை. எவரும் ‘பொய் எழுது’ என்று வாய்திறந்து கட்டளையிட வேண்டியதே இல்லை. தேர்வு எழுதுகிறவனிடமே விடைத்தாளையும் சிவப்பு மையையும் கொடுத்து வைத்தால் வேறு என்ன நடக்கும்?

இதன் கொடிய விளைவை அந்நாடு முன்பே ஒரு முறை அனுபவித்திருந்தது. 1958-இல் தொடங்கிய ‘மாபெரும் முன்னோக்கிய பாய்ச்சல்’ என்னும் இயக்கத்தின்போது, விளைச்சலைப் பெருக்கிக் காட்டியவருக்குப் பாராட்டும், குறைத்துச் சொன்னவருக்குத் தண்டனையும் கிடைத்தன. கிராமம் வட்டத்துக்கும், வட்டம் மாநிலத்துக்கும், மாநிலம் தலைநகருக்கும் ஒன்றையொன்று மிஞ்சும் எண்களை அனுப்பின. அந்தப் பொய் எண்களை அடிப்படையாகக் கொண்டு அரசாங்கம் தானியத்தைக் கொள்முதல் செய்தது. விதைநெல்லும் உணவும் களஞ்சியத்துக்குப் போயின. பயிரிட்டவன் வீட்டில் பானை காலியாயிற்று. 1959 முதல் 1961 வரை நிலவிய பஞ்சத்தில் ஒன்றரைக் கோடிக்குக் குறையாத மக்கள் மாண்டனர் என்பது வரலாற்றறிஞர் கணிப்பு. அதனினும் பன்மடங்கு மிகுதியாகச் சொல்வாரும் உளர். மேலே இருப்பவனை மகிழ்விக்க எழுதிய பொய், மேலே இருப்பவனையே முதலில் குருடனாக்கிவிடுகிறது என்பதை இதனால் அறியலாம்.

நம் பங்குகளில் ஞாயிறு காணிக்கையை எண்ணும் வழக்கத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒருவராகத் தனியே அமர்ந்து எண்ணுவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள். தொகையை எழுதிக் கையொப்பம் இடுகிறார்கள். அவர்களில் எவரையும் நாம் திருடர் என்று சந்தேகிப்பதால் இப்படிச் செய்வதில்லை. நல்லவனையும் சோதனைக்கு உட்படுத்தாமல் காப்பதற்காகவே செய்கிறோம். இரண்டாவது கண் ஒன்று உடன் இருக்கும்போது முதற்கண்ணும் நேராகப் பார்க்கிறது. காணிக்கைத் தட்டுக்கே இந்த ஒழுங்கு வேண்டுமென்றால், கோடிக்கணக்கானோர் சுவாசிக்கும் காற்றுக்கு வேண்டாமா?

கூரைமேல் ஒரு கருவி

பெய்ஜிங்குக்கு அந்த இரண்டாவது கண் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2008-இல் அங்குள்ள அமெரிக்கத் தூதரகம் தன் கட்டடத்தின் கூரைமேல் ஓர் அளவீட்டுக் கருவியைப் பொருத்தியது. அது காட்டிய எண்ணை மணிக்கொரு முறை ட்விட்டர் வாயிலாக வெளியிட்டது. நகர நிர்வாகம் அந்நாளில் கணக்கிட்டு வந்தது 10 மைக்ரான் வரை பருமன் உள்ள தூசியை. தூதரகக் கருவி அளந்ததோ 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளை. நம் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உடைய இத்துகள், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடி ஆழம்வரை செல்லக்கூடியது. மிக அதிகமான கேட்டைச் செய்வது இதுவே. இதைப் பற்றி அரசாங்கக் குறியீட்டெண் வாய்திறக்கவில்லை. சொன்னதில் பொய் கலந்தது ஒரு குறையென்றால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய குறை.

2011-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் புகைமூட்டத்தால் விமானங்கள் பறக்க முடியாமல் நின்றன. அரசாங்க அறிவிப்பு அதை ‘இலேசான மாசு’ என்றது. தூதரகக் கருவியோ ‘ஆபத்தான நிலை’ என்றது. மக்கள் சன்னலைத் திறந்து பார்த்தார்கள். எதிர் வீடு தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? பான் ஷியி என்ற கட்டடத் தொழிலதிபர் இணையத்தில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார். நுண்துகள் கணக்கை அரசாங்கம் வெளியிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் வாக்களித்தனர். கைக்குழந்தைகளோடு இருந்த பெற்றோரே இதில் முன்னணியில் நின்றனர் என்றால் வியப்பில்லை.

அரசாங்கம் முதலில் கோபங்கொண்டது. 2012 ஜூன் 5-ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்றே, சீனச் சுற்றுச்சூழல் துணை அமைச்சர் வூ ஷியாவோசிங், வெளிநாட்டுத் தூதரகங்கள் காற்றின் தரத்தை வெளியிடுவதை நிறுத்த வேண்டும் என்றும், அது தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கைக்கு முரணானது என்றும் கூறினார். ஒரே ஒரு கூரையின்மேல் உள்ள ஒரு கருவி, மாநகரம் முழுவதற்கும் சான்றாகாது என்ற வாதமும் எழுந்தது. நியாயமாகப் பேச வேண்டுமானால், இந்த வாதத்தில் உண்மை இருந்தது. ஒரு தெருவை அளந்து ஊரை முடிவு செய்ய முடியாது. தூதரகம் என்பது அரசியல் நோக்கமே இல்லாத துறவிமடமும் அன்று. ஆனால் ஓர் எண் போதாது என்பதற்குத் தக்க மறுமொழி, வாயை மூடு என்பதன்று. இன்னும் நூறு எண்களைக் கொண்டுவா என்பதே.

அந்த மறுமொழியும் மெல்ல மெல்ல வந்தது. 2012 ஜனவரியில் பெய்ஜிங் நகரம் நுண்துகள் அளவை வெளியிடத் தொடங்கியது. அவ்வாண்டே நாட்டின் காற்றுத் தர விதிகளில் நுண்துகளும் சேர்க்கப்பட்டது. 2013 ஜனவரியிலிருந்து 74 நகரங்கள் தம் அளவுகளை உடனுக்குடன் மக்களுக்குக் காட்டின. அம்மாதம் 12-ஆம் நாள் தூதரகக் கருவி ஒரு மணி நேரத்தில் காட்டிய அளவு 886 மைக்ரோகிராம். அப்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒரு நாள் வரம்பு 25 மட்டுமே. இம்முறை எவரும் இதை வெறும் மூடுபனி என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. ஏனெனில் அரசாங்கக் கருவிகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன.

உண்மை முதலில் கசந்தது

அலுவலர் கையால் எழுதி அனுப்பும் முறையை மாற்றி, தானாகவே இயங்கி நேரே தலைநகருக்கு எண்ணை அனுப்பும் கருவிகளைச் சீனம் நகரந்தோறும் நிறுவியது. இதன் விளைவை மைக்கேல் கிரீன்ஸ்டோன் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர். புதிய கருவிகள் வந்தவுடன், அறிக்கையில் காணப்பட்ட தூசியின் அளவு 35 விழுக்காடு உயர்ந்துவிட்டது! காற்று ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. ஏடுதான் ஒரே நாளில் திருந்தியது. உண்மை எண் வெளிவந்தவுடன் மக்கள் முகக்கவசத்தையும் காற்று வடிகட்டியையும் பற்றி மிகுதியாகத் தேடத் தொடங்கினர் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அதாவது, உண்மை தெரிந்திருந்தால் தங்களைக் காத்துக்கொண்டிருப்பவர்கள், அதுவரை தெரியாமையால் காத்துக்கொள்ளவில்லை.

நோய் இன்னதென்று ஒப்புக்கொண்ட பிறகு மருந்தும் வந்தது. 2013 செப்டம்பரில் தேசிய அளவில் ஒரு செயல்திட்டம் வகுக்கப்பட்டது. 2014 மார்ச்சில் பிரதமர் லீ கெச்சியாங் மாசுக்கு எதிராகப் போர் அறிவித்தார். நிலக்கரிக் கொதிகலன்கள் மூடப்பட்டன. பழைய வண்டிகள் அகற்றப்பட்டன. நகரின் கடைசிப் பெரிய நிலக்கரி மின்நிலையம் 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அவசரத்தால் விளைந்த துன்பமும் உண்டு: 2017 குளிர்காலத்தில் நிலக்கரி அடுப்புகள் பறிக்கப்பட்டு எரிவாயு வந்துசேராத கிராமங்கள் வட சீனத்தில் குளிரில் நடுங்கின. எனினும், பெய்ஜிங்கின் ஆண்டுச் சராசரி நுண்துகள் அளவு 2013-இல் 89.5 மைக்ரோகிராமாக இருந்தது. 2017-இல் 58, 2021-இல் 33, 2024-இல் 30.5 என்று இறங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 5 என்ற வரம்புக்கு இது இன்னும் ஆறு மடங்கு. ஆயினும் பத்தாண்டுகளில் இவ்வளவு இறக்கம் அரிய சாதனையே. ஏட்டில் மட்டும் நீலமாக இருந்த வானம், கண்ணுக்கும் சற்று நீலமாயிற்று. சீராக்கத்தின் முதற்படி, கெட்டிருக்கிறது என்று எழுதத் துணிந்ததே.

சோதனையும் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. புதிய எண்ணே புதிய மதிப்பெண் ஆனபோது, புதிய ஏமாற்றும் முளைத்தது. 2016-இல் சீ-ஆன் நகரில் சுற்றுச்சூழல் அலுவலர்களே அளவீட்டு நிலையத்துக்குள் நுழைந்து, காற்றை உறிஞ்சும் குழாயின் வாயில் பஞ்சு நூலைத் திணித்து வைத்தார்கள். கருவிக்கு முகக்கவசம் போட்டார்கள், குழந்தைகளுக்குப் போடவில்லை! 2017-இல் அவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. லின்ஃபென் நகரில் கருவியை அடைத்தும் அதன்மேல் நீர் தெளித்தும் எண்ணைத் தாழ்த்திய குற்றத்துக்காக, முன்னாள் சுற்றுச்சூழல் துறைத் தலைவர் உட்பட 16 பேர் 2018-இல் தண்டிக்கப்பட்டனர். இதற்கிடையே 2016-இல் 1,436 நிலையங்களின் பொறுப்பு உள்ளூர் நிர்வாகங்களிடமிருந்து எடுக்கப்பட்டு மத்திய அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. வேலியே பயிரை மேயாதிருக்க வேண்டுமானால், மேய்கிற வாய்க்கு எட்டாத இடத்தில் வேலியைப் போட வேண்டும் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

குடியாட்சிகளும் விலக்கல்ல

இவையெல்லாம் ஒற்றைக் கட்சி ஆட்சியில்தான் நடக்கும், தேர்தல் நடக்கும் நாடுகளில் நடவாது என்று எவரும் நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து விழுந்தபோது, கல்நார், கண்ணாடித்தூள், சிமெண்டுத் தூசி கலந்த புழுதி நகரை மூடியது. அதே மாதம் 18-ஆம் நாள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, காற்று சுவாசிக்கத் தகுந்ததாக இருக்கிறது என்று அறிவித்தது. அப்படி அறுதியிட்டுச் சொல்லப் போதிய அளவீடு அப்போது அதனிடம் இருக்கவில்லை என்றும், வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் குழு ஆறுதல் வாசகங்களைச் சேர்த்து எச்சரிக்கை வாசகங்களை நீக்கச் செய்தது என்றும், பங்குச் சந்தையை மீண்டும் திறக்கும் விருப்பமும் இதில் ஒரு காரணம் என்றும் 2003 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அந்த அறிக்கையை எழுதியவர் எதிரி அல்லர். அதே முகமைக்குள் தனி அதிகாரத்தோடு இயங்கிய தலைமை ஆய்வாளரே. குற்றம் நடந்த வீட்டுக்குள்ளேயே அதைச் சொல்லும் நாவும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பிரேசில் நாட்டில் அமேசான் காடு அழிவதைச் செயற்கைக்கோள் வழியாக 1988 முதல் ஆண்டுதோறும் அளந்து வருவது அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம். 2019-இல் காடழிப்பு விரைந்து பெருகுவதை அதன் எண்கள் காட்டின. அன்றைய அதிபர் பொல்சொனாரோ அவற்றைப் பொய் என்றார். நிறுவனத் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ பணிந்துபோகாமல் எண்களை ஆதரித்து நின்றார், ஆகஸ்டில் பதவியிழந்தார். ஆனால் ஆண்டுக் கணக்கு வெளிவந்தபோது, அழிந்த காடு பத்தாயிரம் சதுர கிலோமீட்டரை ஒட்டியிருந்தது. அவர் சொன்னதே மெய்யாயிற்று. 2021-இல் இன்னொரு விந்தை நிகழ்ந்தது. அவ்வாண்டுக் காடழிப்பு 13,235 சதுர கிலோமீட்டர் என்று கூறிய அறிக்கையில் அக்டோபர் 27 என்று நாள் குறிக்கப்பட்டிருந்தது. அதுவோ, கிளாஸ்கோவில் நடந்த உலகக் காலநிலை மாநாடு முடிந்த பிறகு, நவம்பர் 18-இல்தான் வெளிவந்தது. பொய் எழுத இயலாதவர்கள் உண்மையைத் தாமதப்படுத்தினார்கள். ஆயினும் முற்றிலும் மறைக்க முடியவில்லை. செயற்கைக்கோள் படங்கள் உலகத்தார் எல்லார்க்கும் திறந்திருந்தன. எவரும் சரிபார்க்க முடிந்தது. கல்வாவோ 2023-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் வளர்ச்சிக் குழுவின் தலைவராக அமர்த்தப்பட்டார்.

பெய்ஜிங்கிற்குக் கண்ணாடி காட்டிய அந்தத் தூதரகக் கருவி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உலகெங்கும் உள்ள தன் தூதரகங்களின் காற்று அளவுகளை வெளியிடுவதை 2025 மார்ச்சில் அமெரிக்க அரசாங்கம் செலவைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டது. இரவல் கண் என்றைக்கும் நிலைக்காது. ஒவ்வொரு நாட்டு மக்களும் தங்களுக்கென்று, ஆள்பவர் விரும்பினாலும் மூட முடியாத ஒரு கண்ணைத் தங்கள் சட்டத்தாலும் விழிப்பாலும் உண்டாக்கிக் காத்துக்கொள்ள வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலும், சுற்றுச்சூழல் பற்றிய மதிப்பீடுகள் பணத்தின் நெருக்கடிக்கும் அரசியலின் நெருக்கடிக்கும் உட்படாமல் வெளிப்படையாக நடைபெற வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

நாளிதழில் ‘மாசு குறைந்தது’, ‘காடு பெருகியது’, ‘குடிநீர் பாதுகாப்பானது’ என்ற அறிவிப்பைக் காணும்போது, அதை உடனே நம்பிவிடவும் வேண்டாம். உடனே பழிக்கவும் வேண்டாம். மூன்று கேள்விகளை மட்டும் கேட்போம். அளந்தவர் யார், இந்த எண்ணால் அவருக்கு உயர்வோ தாழ்வோ உண்டா? அளக்கும் இடமும் முறையும் சென்ற ஆண்டு இருந்தபடியே இருக்கின்றனவா? வேறொருவர் தாமாக அளந்து பார்க்க வழி உண்டா? இம்மூன்றுக்கும் நேரான விடை தரும் அறிக்கை, கசப்பான செய்தியைச் சொன்னாலும் நம்பத்தக்கது. விடை தராத அறிக்கை, தேனாக இனித்தாலும் ஏட்டுச் சுரைக்காயே.

நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னவனை நாம் எப்படி நடத்துகிறோம்? கருவிகளைத் திருத்திய நகரத்தில் எண் 35 விழுக்காடு உயர்ந்ததைக் கண்டோம். அந்த வேளையில் மக்கள் மேலோட்டமாகப் பார்த்திருந்தால், பொய் எழுதிய பழைய நிர்வாகத்தைப் புகழ்ந்து, மெய் எழுதிய புதிய நிர்வாகத்தை ஏசியிருப்பார்கள். அப்படி ஏசினால் அடுத்த ஆண்டு எவன் மெய் எழுதுவான்? ஆள்பவர்களுக்கு மேலிடம் மட்டும் பரிசளிப்பதில்லை. நாமும் பரிசளிக்கிறோம், நாமும் தண்டிக்கிறோம். இனிப்பான எண்ணுக்கே நாம் கைதட்டினால், இனிப்பான எண்ணே நமக்குக் கிடைக்கும்.

இந்தப் பாடத்தைப் படிக்கப் பெய்ஜிங்வரை போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் கூடத்திலேயே படிக்கலாம். கணக்கில் 28 மதிப்பெண் வாங்கிய சிறுவன் தன் தேர்ச்சி அட்டையை நடுங்கும் கையோடு தந்தையிடம் நீட்டுகிறான். தந்தை பிரம்பை எடுத்தால், அடுத்த முறை அந்த 28 எப்படியோ 78 ஆகி வரும், கையொப்பமும் கிடைத்துவிடும், பையனுக்கோ கணக்கு வராது. அதற்கு மாறாக, “குறைந்ததை மறைக்காமல் காட்டினாயே, நல்லது. எந்தக் கணக்கில் தவறினாய்? வா, உட்கார்ந்து பார்ப்போம்” என்று சொல்லும் தந்தையின் வீட்டில், பிள்ளை மெய்யையும் கற்கிறான், கணக்கையும் கற்கிறான். அப்படி வளரும் பிள்ளைகளில் ஒருவன் நாளை ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு கருவியின் முன்னால், 103 என்று காட்டும் எண்ணைப் பார்த்தபடி அமர்ந்திருப்பான். அவன் கை 103 என்றே எழுதட்டும்.